ரேம் விலை ஏன் ஏறியது? எவ்வளவு வாங்கினால் போதும்?

உடுமலைப்பேட்டையில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்.

அப்பா நூல் மில்லில் வேலை பார்க்கிறார். அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. சனிக்கிழமை வந்தால் வாரச் சம்பளம். மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. படிப்புக்கும் அதுதான். விளையாட்டுக்கும் அதுதான்.

2025-ம் ஆண்டு டிசம்பர் மாதம். ஒரு சனிக்கிழமை இரவு. மகன் மெதுவாகப் பேச்சை எடுத்தான்.

"அப்பா, கம்ப்யூட்டருக்கு ரேம் பத்தலீங்க. கேம் நின்னு நின்னு போகுதுங்க."

"எவ்வளவு ஆகும், கண்ணு?"

"ஜூன் மாசம் அஞ்சாயிரத்துக்குள்ள இருந்துச்சுங்க. இப்ப பதினஞ்சாயிரம் காட்டுது."

அப்பா திகைத்தார். ஆறே மாதம்! மூன்று மடங்கு! அரிசி இப்படி ஏறவில்லை. பருப்பு ஏறவில்லை. தங்கம்கூட ஆறு மாதத்தில் இப்படிப் பாயவில்லை. ஒரு சின்னப் பச்சைத் தகட்டுக்கு என்ன வந்தது?

இப்படி ஒரு பேச்சு அந்த மாதம் ஒரு வீட்டில் மட்டும் நடக்கவில்லை. சென்னை ரிச்சி தெருவிலும் இதே பேச்சு. அமெரிக்காவிலும் இதே பேச்சு. அங்கே 100 டாலர் அளவில் விற்ற 32 ஜிபி ரேம் ஜோடி, ஆண்டு முடிவதற்குள் 300 டாலரைத் தாண்டிவிட்டது.

காரணம் என்ன? அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. விலை ஏறிய காலத்தில் ஒரு குடும்பம் எப்படி வாங்கவேண்டும்?

ரேம் என்பது என்ன?

கம்ப்யூட்டரை ஒரு பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

துணி ரோல்கள் கிடங்கில் இருக்கின்றன. கம்ப்யூட்டரில் அந்தக் கிடங்குதான் ஹார்டு டிஸ்க், அல்லது எஸ்.எஸ்.டி. வெட்டும் வேலையைச் செய்பவர் கட்டிங் மாஸ்டர். கம்ப்யூட்டரில் அவர்தான் பிராசசர்.

மாஸ்டர் கிடங்கில் நின்றுகொண்டு வெட்ட முடியாது. துணியை மேஜைமேல் விரிக்கவேண்டும். அந்த மேஜைதான் ரேம்.

மேஜை சிறியதாக இருந்தால் என்ன ஆகும்? கொஞ்சம் துணியை விரிப்பார். வெட்டுவார். சுருட்டிக் கிடங்குக்கு அனுப்புவார். அடுத்த ரோலைக் கொண்டுவரச் சொல்வார். அதுவரை சும்மா நிற்பார். விளையாட்டு நின்று நின்று போவது இதனால்தான்.

மேஜை போதுமான அளவுக்கு வந்துவிட்டால் வேலை தடையில்லாமல் ஓடும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். போதுமான மேஜை வந்த பிறகு, அதைவிட இரு மடங்கு பெரிய மேஜை போட்டாலும் மாஸ்டரின் கை வேகமாக ஓடாது. பாதி மேஜை காலியாகக் கிடக்கும். அவ்வளவுதான்.

இந்த ஒரு விஷயத்தை மறக்காமல் இருந்தால் ஆயிரக்கணக்கில் பணம் மிஞ்சும்.

6,870 கோடி அறைகள்!

இன்றைய ரேமின் மூல யோசனை 1966-ம் ஆண்டில் பிறந்தது. அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனியில் வேலை பார்த்த ராபர்ட் டென்னார்டு என்ற விஞ்ஞானிதான் அதைச் சொன்னார். 1968-ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அவர் 2024-ம் ஆண்டில் காலமானார்.

அவர் சொன்னது மிக எளிய ஏற்பாடு. ஒரு சின்ன மின்சாரத் தொட்டி. அதற்கு ஒரு சின்னக் கதவு. தொட்டியில் மின்சாரம் இருந்தால் ஒன்று. இல்லாவிட்டால் பூஜ்யம்.

இந்தத் தொட்டி ஒழுகும். அதனால் திரும்பத் திரும்ப நிரப்பவேண்டும். வழக்கமாக விநாடிக்கு 15 தடவைக்குமேல் நிரப்பப்படுகிறது. மின்சாரம் போனால் எல்லாம் மறந்துபோகும். அதனால்தான் சேமிக்காத வேலை கரண்ட் போனதும் அழிந்துவிடுகிறது.

ஒரு 8 ஜிபி ரேமில் இப்படிப்பட்ட அறைகள் சுமார் 6,870 கோடி இருக்கின்றன. இதைச் செய்ய எல்லாராலும் முடியுமா? முடியாது. சங்கதியே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

உலகத்துக்கு மூன்று மில்கள்

உடுமலை, பல்லடம், திருப்பூர் வட்டாரத்தில் நூல் மில்களை எண்ணினால் கை விரல்கள் போதாது. ஒரு மில் இல்லாவிட்டால் இன்னொரு மில். ஆனால் ரேமுக்கு உலகம் முழுவதற்கும் மூன்று பெரிய கம்பெனிகள்தான்.

தென்கொரியாவில் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ் என்று இரண்டு. அமெரிக்காவில் மைக்ரான் என்று ஒன்று. உலகச் சந்தையில் பத்தில் ஒன்பது பங்குக்குமேல் இந்த மூன்றின் கையில். சீனாவின் சி.எக்ஸ்.எம்.டி. பின்னால் வந்துகொண்டிருக்கிறது.

கடையில் பத்துப் பன்னிரண்டு பெயர்களில் ரேம் விற்கிறார்களே என்று கேட்கலாம். அவர்களில் பலர் சில்லை வாங்கித் தகட்டில் பதித்து, தங்கள் பெயரை ஒட்டி விற்பவர்கள். மில் நூலை வாங்கித் துணி நெய்து, தங்கள் லேபிள் தைப்பதைப்போல.

ஆகவே மூன்று மில்கள் தும்மினால் உலகத்துக்கே ஜலதோஷம் பிடிக்கும்.

மொத்தமாகப் பிடித்தது யார்?

ரேம் சில்லுகளைச் சிலிக்கான் தட்டில் செதுக்குகிறார்கள். அப்பளம்போல் மெல்லிய வட்டம் அது. 30 சென்டிமீட்டர் அகலம். ஒரு தட்டிலிருந்து நூற்றுக்கணக்கான சில்லுகள் கிடைக்கும்.

ஏ.ஐ. என்னும் செயற்கை அறிவு வந்தது. கேள்வி கேட்டால் பதில் சொல்கிறது. படம் வரை என்றால் வரைகிறது. அதை ஓட்டுவதற்குப் பெரிய பெரிய கூடங்களில் ஆயிரக்கணக்கான யந்திரங்கள் இரவும் பகலும் ஓடுகின்றன. அவற்றுக்கு எச்.பி.எம். என்ற உயர்ந்த ரக ரேம் வேண்டும். சில்லுகளை அடுக்கடுக்காக ஒன்றின்மேல் ஒன்று வைத்துச் செய்வது அது.

ஒரு ஜிபி எச்.பி.எம். செய்ய, ஒரு ஜிபி சாதாரண ரேமைவிடச் சுமார் மூன்று மடங்கு தட்டு செலவாகும். மைக்ரான் கம்பெனியே சொன்ன கணக்கு இது. லாபமும் அதில்தான் அதிகம். மில்காரர் எந்தப் பக்கம் சாய்வார்? சொல்லவும் வேண்டுமா?

2025 அக்டோபர் மாதம் ஒரு செய்தி வந்தது. சாட் ஜி.பி.டி.யை நடத்தும் ஓபன் ஏ.ஐ. கம்பெனி, சாம்சங்குடனும் எஸ்.கே. ஹைனிக்ஸுடனும் ஓர் உத்தேச உடன்பாடு செய்தது. மாதம் 9 லட்சம் தட்டுகள் வரை தேவைப்படலாம் என்று பேச்சு. உலக உற்பத்தியில் ஐந்தில் இரண்டு பங்கு வரை அது வரும் என்று தொழில் வட்டாரத்தில் கணக்குப் போட்டார்கள். அத்தனையும் உடனே எடுக்கப்படவில்லை. ஆனால் மொத்த வியாபாரிகளுக்கு அந்தச் செய்தியே போதும். எல்லாரும் சரக்கைப் பிடிக்க ஓடினார்கள்.

டிசம்பர் 3-ந் தேதி அடுத்த இடி விழுந்தது. "குருஷியல்" என்ற பெயரில் வீட்டு உபயோகத்துக்கு ரேம் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தை நிறுத்துவதாக அறிவித்தது. 2026 பிப்ரவரி வரை சரக்கு வரும், அதற்குமேல் இல்லை என்றது. ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு வாரன்டி உண்டு என்றும் சொன்னது. கூடங்களுக்கு விற்பதே இனி முக்கியம் என்பதுதான் அதன் பொருள்.

போதாக்குறைக்கு அதே மாதம் ஒரு டாலரின் விலை 90 ரூபாயைத் தாண்டியது. ரேம் வாங்குவது டாலரில். விற்பது ரூபாயில்.

நூல் விலை சொன்ன பாடம்

இது திருப்பூர் வட்டாரத்துக்குப் புதிய கதை அல்ல.

2022-ம் ஆண்டை நினைத்துப்பாருங்கள். 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பஞ்சின் விலை லட்ச ரூபாயைத் தொட்டது. நூல் விலை மாதாமாதம் ஏறியது. மே மாதம் பனியன் கம்பெனிகள் இரண்டு நாள் உற்பத்தியை நிறுத்தி வைத்தன. ஏற்றுமதிக்காரர்களே திணறினார்கள். சின்னக் கம்பெனிகளின் பாடு கேட்கவேண்டாம்.

பெரிய கை மில்லைப் பிடித்துவிட்டால் சின்னக் கைக்கு மிச்சம்தான் கிடைக்கும். மிச்சத்துக்கு விலை அதிகம். நூலுக்கும் அதே நியாயம். ரேமுக்கும் அதே நியாயம்.

2025-ம் ஆண்டிலோ இந்த வட்டாரத்துக்கு இரட்டை அடி. ஆகஸ்டு 27 முதல் இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. திருப்பூரில் ஆர்டர்கள் தள்ளிப்போன மாதங்கள் அவை. ஆர்டர் தள்ளினால் ஓவர்டைம் குறையும். ஓவர்டைம் குறைந்தால் சனிக்கிழமைக் கவர் மெலியும். வீட்டுக்கு வரும் பணம் குறைந்த அதே காலத்தில் ரேம் விலை ஏறியது.

இப்படிப்பட்ட காலத்தில் சின்னக் கம்பெனிகள் என்ன செய்யலாம்? விலை ஏறுகிறதே என்று பயந்து மூட்டை மூட்டையாக வாங்கிக் குவிக்கவேண்டாம். கையிலிருக்கும் ஆர்டருக்கு எத்தனை கிலோ நூல் என்று கணக்குப் பார்த்து, அந்த அளவுக்கு மட்டும் வாங்கலாம். விலை நம் கையில் இல்லை. அளவு நம் கையில் இருக்கிறது.

விலை எப்போது இறங்கும்?

ஏறிய ரேம் விலை முன்பும் இறங்கியிருக்கிறது.

1993 ஜூலையில் ஜப்பானின் நீஹாமா நகரில் ஒரு ரசாயன ஆலையில் விபத்து நடந்தது. சில்லுகளை மூடும் பிசினில் உலகத் தேவையில் பாதிக்குமேல் அங்கேதான் தயாரானது. ரேம் விலை துள்ளியது. பிறகு அடங்கியது. 2013 செப்டம்பரில் சீனாவின் வூசி நகரில் இருந்த ஹைனிக்ஸ் ஆலையில் தீ. மீண்டும் விலை ஏறியது. பிறகு அடங்கியது.

கம்பெனிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு விலையை ஏற்றியதும் உண்டு. 2005-ம் ஆண்டில் அமெரிக்காவில் சாம்சங் அந்தக் குற்றத்தை ஒப்புக்கொண்டு 30 கோடி டாலர் அபராதம் கட்டியது.

நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. 2022-ன் பிற்பாதியிலும் 2023-லும் ரேம் கேட்பாரற்றுக் கிடந்தது. 2023 நிதியாண்டில் மைக்ரானுக்கு மட்டும் 580 கோடி டாலருக்குமேல் நஷ்டம். அந்தச் சூடு கண்ட கம்பெனிகள் புது ஆலை கட்ட அவசரப்படவில்லை. அதனால்தான் ஏ.ஐ. கிராக்கி வந்தபோது கொடுக்கச் சரக்கு இல்லை.

புது ஆலை என்பது ஆறு மாத வேலை அல்ல. கட்டி முடித்துச் சரக்கு எடுக்க இரண்டு மூன்று வருஷம் பிடிக்கும். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் மைக்ரான் கட்டும் புது ஆலையில் 2027-ல்தான் முதல் தட்டு வரும் என்று அறிவிப்பு.

குஜராத்தின் சானந்தில் மைக்ரான் ஆலைக்கு 2023-ல் அடிக்கல் நாட்டினார்களே என்று சிலர் கேட்பார்கள். வேறிடத்தில் செதுக்கிய சில்லைச் சோதித்து, மூடி, பொருத்துவதற்கான ஆலை அது. சில்லைச் செதுக்கும் வேலை அங்கே இல்லை.

ஆகவே நாளைக்கே விலை விழும் என்று காத்திருப்பதும் சரியல்ல. நாளைக்கு இன்னும் ஏறும் என்று கடன் வாங்கிக் குவிப்பதும் சரியல்ல.

முதலில் அளந்து பாருங்கள்

தையற்காரரிடம் போனால் முதலில் டேப்பைத்தான் எடுப்பார். ரேம் வாங்கவும் அப்படித்தான்.

வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்ற மூன்று சாவிகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்பார்மன்ஸ் என்ற பகுதியில் மெமரி என்பதைத் தட்டுங்கள். மொத்த ரேம் எத்தனை, அதில் செலவாவது எத்தனை, எத்தனை ஸ்லாட் இருக்கிறது, எத்தனை நிரம்பியிருக்கிறது என்று எல்லாம் தெரியும். காசு செலவில்லாத சோதனை இது.

பையன் வழக்கமாக விளையாடும் விளையாட்டை ஓடவிட்டு, அந்த நேரத்தில் பாருங்கள். முழு ரேமும் நிரம்பி வழிந்தால் ரேம் தேவை. பாதிதான் செலவாகிறது என்றால் குறை வேறெங்கோ இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டாக இருக்கலாம். பழைய ஹார்டு டிஸ்காக இருக்கலாம். அப்போது ரேம் வாங்குவது தலைவலிக்குக் காலில் கட்டுப் போடுவதுபோல.

விளையாட்டுக் கம்பெனிகளே குறைந்தபட்ச அளவைச் சொல்லியிருக்கின்றன. வேலோரன்ட் விளையாட்டுக்கு 4 ஜிபி. கவுன்டர் ஸ்டிரைக் 2-க்கு 8 ஜிபி. சைபர்பங்க் 2077-க்குக் குறைந்தது 12, சிபாரிசு 16. 2025-ல் வந்த பேட்டில்பீல்டு 6-க்கு 16.

கூடவே விண்டோஸும் பிரவுசரும் பங்கு கேட்கும். ஆகவே 8 ஜிபி இன்று நெருக்கடி. 16 ஜிபி நடுத்தரக் குடும்பத்துக்குப் போதும். வீடியோ வெட்டி ஒட்டும் பெரிய வேலை, பெரிய டிசைன் வேலை உள்ளவர்களுக்கு 32. "எல்லாரும் 32 போடுறாங்க" என்பது காரணம் ஆகாது.

எது பொருந்தும்?

எல்லா ரேமும் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொருந்தாது. பலர் பணத்தைத் தொலைப்பது இங்கேதான்.

டிடிஆர்4 ஒரு ரகம். டிடிஆர்5 அடுத்த ரகம். இரண்டும் நீளத்தில் ஒன்று. ஆனால் தகட்டின் விளிம்பில் உள்ள பள்ளம் வேறு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று இறங்காது. பலவந்தமாக அழுத்தினால் மதர்போர்டு உடையும்.

லேப்டாப் ரேம் நீளத்தில் குட்டையானது. அதை மேஜைக் கம்ப்யூட்டரில் போட முடியாது. சில லேப்டாப்களில் ரேமைத் தகட்டோடு பற்றவைத்து விடுகிறார்கள். அவற்றில் கூட்டவே வழியில்லை.

கம்ப்யூட்டரே புதிதாகச் சேர்க்கிறவர்களுக்கு ஒரு கேள்வி வரும். பழைய ரகமா, புது ரகமா? ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 மதர்போர்டுகளுக்கு டிடிஆர்4. ஏ.எம்.5-க்கு டிடிஆர்5 மட்டுமே. இன்டெலின் 12, 13, 14-ம் தலைமுறைகளில் இரு வகை மதர்போர்டும் உண்டு. வாங்கும் போர்டு எந்த வகை என்று பார்த்துக்கொள்ளவேண்டும்.

டிடிஆர்4 உற்பத்தியைப் பெரிய கம்பெனிகள் குறைத்துவந்ததால் அதன் விலையும் 2025-ல் ஏறியது. 2025 நடுவில் சில வாரங்கள் மொத்தச் சந்தையில் பழைய ரகம் புது ரகத்தைவிட அதிக விலைக்குப் போன அதிசயமும் நடந்தது. ஆகவே "பழசு என்றால் மலிவு" என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பவேண்டாம். போர்டு, பிராசசர், ரேம் மூன்றையும் சேர்த்து மொத்தத் தொகையைக் கூட்டிப் பார்ப்பதே சரியான கணக்கு.

ஒன்றா, இரண்டா?

16 ஜிபி ஒரே ஸ்டிக்காகவும் கிடைக்கும். எட்டு எட்டாக இரண்டு ஸ்டிக்காகவும் கிடைக்கும். எது நல்லது?

இரண்டு ஸ்டிக் போட்டால் பிராசசருக்கு இரண்டு பாதை திறக்கும். ஒரு வழிச் சாலை இரு வழிச் சாலையானதுபோல. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அங்கே படம் காட்டும் வேலைக்கும் இதே ரேம்தான் உழைக்கிறது.

கையில் இப்போது பணம் இல்லை, பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்பவர்கள் ஒரு ஸ்டிக் வாங்கி, ஒரு ஸ்லாட்டைக் காலியாக வைக்கலாம். பின்னால் அதே ரகம், அதே அளவு, அதே வேகத்தில் இன்னொன்று சேர்க்கலாம்.

பளபளப்புக்குப் பணம் வேண்டாம்

கடையில் சில ஸ்டிக்குகள் கார்த்திகை தீபம்போல் ஒளிவிடும். சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி எரியும். அந்த வெளிச்சத்தால் விளையாட்டு ஒரு நூலளவும் வேகமாகாது. தீபாவளிக் கலர் டப்பாவுக்குக் கொடுக்கும் காசு அது.

வேக எண்ணும் அப்படித்தான். டிடிஆர்4-ல் 3200, டிடிஆர்5-ல் 5600 அல்லது 6000 சாதாரண வீட்டுக்கு ஏராளம். அதற்குமேல் கொடுக்கும் பணத்துக்குக் கிடைக்கும் பலன் சொற்பம்.

ஒரு சின்ன விஷயம். சில ஸ்டிக்குகளில் 3200 என்று எழுதியிருந்தாலும், மாட்டியவுடன் குறைந்த வேகத்தில்தான் ஓடும். பயாஸ் என்ற அமைப்பில் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்பதை இயக்கவேண்டும். கடைக்காரரிடமே சொல்லிச் செய்து வாங்கலாம். கொடுத்த பணத்துக்கு முழு வேகமும் கிடைக்கும்.

பழைய சரக்கு: ஜாக்கிரதை!

விலை ஏறினால் பழைய சரக்குச் சந்தை சூடு பிடிக்கும். 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. ஆபீஸ்களில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழிக்க இது ஒரு காரணமானது. அவற்றின் ரேமில் நல்லதும் உண்டு. ரேம் சீக்கிரம் தேய்கிற சாமான் அல்ல. ஆனால் மூன்று விஷயங்களைப் பார்க்கவேண்டும்.

முதலாவது, சர்வர் ரேம். "32 ஜிபி, பாதி விலை" என்று ஆசை காட்டுவார்கள். அது பெரிய ஆபீஸ் யந்திரங்களுக்கான ரகம். டிடிஆர்4 சர்வர் ரேம் வீட்டு ஸ்லாட்டில் அழகாக உட்காரும். ஆனால் கம்ப்யூட்டர் கிளம்பாது. லேபிளில் ஆர்.டி.ஐ.எம்.எம்., ரெஜிஸ்டர்டு என்று இருந்தால் தொடவேண்டாம்.

இரண்டாவது, சோதனை. மெம்டெஸ்ட்86 என்ற இலவசச் சோதனை இருக்கிறது. பென் டிரைவில் போட்டு ஓடவிட்டால் கெட்ட அறைகளைக் காட்டிக்கொடுக்கும். ஓர் இரவு ஓடவிடலாம். ஒரு பிழை வந்தாலும் அந்த ஸ்டிக் வேண்டாம். "ரெண்டு நாள் ஓட்டிப் பாத்துட்டுத் தரலாமுங்களா?" என்று கேட்பதில் வெட்கம் இல்லை. நல்ல வியாபாரி சம்மதிப்பார்.

மூன்றாவது, பில். புது ரேமுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. "பில் இல்லாம எடுத்துக்கிட்டா குறைச்சுத் தரேன்" என்றால் மயங்கவேண்டாம். பில்லும் சீரியல் எண்ணும் இல்லாவிட்டால் வாரன்டி கேட்க வாய் இருக்காது. விலை ஏறிய காலத்தில் வாரன்டிதான் பெரிய சொத்து.

விளையாட்டுக்கா இவ்வளவு?

"ஏனுங்க, வெளையாட்டுக்குப் போயி இவ்வளவு காசா?" என்று அம்மாக்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு வேறு. அதைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமே செய்தது. இங்கே பேச்சு அதைப் பற்றியது அல்ல. பந்து விளையாட்டைப்போல, பொழுதுபோக்குக்கு விளையாடும் கம்ப்யூட்டர் விளையாட்டு இது.

விளையாட்டு ஓடும் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடும் கேட் வேலையும் ஓடும். டிசைன் வரையலாம். வீடியோ தயாரிக்கலாம். பனியன் கம்பெனிகளில் இந்த வேலைகளுக்கு ஆள் தேவை. நேரத்துக்கு ஒரு வரம்பு, செலவுக்கு ஒரு வரம்பு வைத்துவிட்டால் அந்தப் பெட்டி வீட்டுக்குப் பாரம் ஆகாது.

அந்த வீட்டுக் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவும் மகனும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அளந்து பார்த்தார்கள். இருப்பது 8 ஜிபி. ஒரே ஸ்டிக். இரண்டு ஸ்லாட்டில் ஒன்று காலி. விளையாட்டு ஓடும்போது கிட்டத்தட்ட எட்டும் நிரம்பிவிடுகிறது. ஆக, ரேம் குறைவு என்பது உண்மைதான்.

அந்தக் கம்ப்யூட்டரைக் கடைக்கு எடுத்துப் போனார்கள். மகன் போனில் பார்த்துவைத்த ஸ்டிக்கைக் காட்டினான். கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்தார். சிரித்தார்.

"அண்ணா, தம்பி காட்டுறது டிடிஆர்5. உங்க போர்டு டிடிஆர்4. பதினஞ்சாயிரம் குடுத்து வாங்கியிருந்தா மாட்டவே முடியாதுங்க. போர்டு, பிராசசர் எல்லாம் மாத்தணும்."

அப்பாவுக்கு மூச்சு நின்று வந்தது.

"அப்ப என்னங்க பண்றது?"

"இதே ரகத்துல 8 ஜிபி ஒண்ணு போடுங்க. பதினாறு ஆயிரும். ரெண்டு ஸ்டிக் ஆச்சுன்னா பாதையும் ரெண்டு. வேறெதுவும் வேண்டாமுங்க."

பழைய விலையைவிட அதற்கும் அதிகம்தான். ஆனால் பதினைந்தாயிரத்தில் ஒரு பங்குதான் செலவு. பில் போட்டு வாங்கினார்கள். கடையிலேயே சோதித்தார்கள். மீதிப் பணம் அம்மாவின் சீட்டுக்குப் போனது.

திரும்பும் வழியில் மகன் கேட்டான்: "அப்பா, வெல குறைஞ்சா புதுசு மாத்திக்கலாமுங்களா?"

"குறையட்டும், பாக்கலாம். ஆர்டருக்குத் தக்கன நூல் வாங்குறவன்தான் கண்ணு கம்பெனி நடத்துவான்."

கொரியாவில் என்ன விலை வைப்பார்கள், அமெரிக்காவில் யார் எத்தனை தட்டு பிடிப்பார்கள் என்பதை உடுமலைப்பேட்டை தீர்மானிக்க முடியாது. ஆனால் தன் வீட்டு மேஜை எவ்வளவு நீளம் வேண்டும் என்பதை அளந்து பார்க்க முடியும். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று பெரியவர்கள் சொன்னது ரேமுக்கும் பொருந்தும்.